தேதிக்கு அகப்படாத ஜயந்தி

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்ததின விடுமுறை, அவர் பிறந்த தேதியில் வருவதே இல்லையாமே, மெய்தானா?

பதில்: மெய்தான். அம்மகான் வர்ஜீனியாவில் ஜனித்தபோது வழங்கிய பழைய பஞ்சாங்கப்படி 1731 பிப்ரவரி 11-ஆக இருந்த தேதி, 1752-ல் பிரிட்டிஷார் புதிய கணக்கைக் கைக்கொண்டு பதினொரு நாட்களைக் கழித்து, வருஷப் பிறப்பையும் மார்ச்சிலிருந்து ஜனவரிக்கு மாற்றிவிட்டதனால், 1732 பிப்ரவரி 22 ஆயிற்று. பிற்பாடு, 1968-ல் இயற்றிய சட்டத்தின் பிரகாரம் 1971 முதல் பிப்ரவரியின் மூன்றாவது திங்கட்கிழமையே விடுமுறை. அது 15-க்கு முந்தாமலும் 21-க்குப் பிந்தாமலுமே வருமாதலால், அவருடைய இரண்டு ஜன்ம தினங்களுக்கும் அதில் இடமில்லை! தொடர்ந்தாற்போல் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் ஊழியர்களுக்குப் பரம சந்தோஷம். எனக்கோ, மூன்றாம் முறை ஜனாதிபதி பதவி வேண்டாமென்று அவர் 1796-ல் வெளியிட்ட பிரிவுபசார உரையை ஆண்டுதோறும் செனட் சபையில் வாசிக்கிறார்களே, அதுவே உண்மையான ஜயந்தி.