கடவுச்சொல் ஒப்படைத்தல் – சார்பு

அனுப்புநர்
14 ஆண்டுப் பணியாளன்,
இரண்டாம் தளம், ஜன்னல் இல்லாத வரிசை,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பெறுநர்
உயர்திரு மனிதவளத் துறைத் தலைவர் அவர்கள்,
அதே கட்டடம், கடல் தெரியும் தளம்.

பொருள்: சமூக ஊடகக் கடவுச்சொற்களை நிறுவனத்திடம் ஒப்படைத்தல் – சார்பு.

பார்வை: வெள்ளிக்கிழமை மாலை 6.40-க்கு வந்த தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். பார்வையில் கண்ட சுற்றறிக்கையை இரண்டு முறை வாசித்தேன். முதல் வரி, "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்." கடைசி வரி, "ஒத்துழைக்காதவர்கள் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." இடையில் ஒரு படிவம். முகநூல், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், எக்ஸ் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு கடவுச்சொல் கேட்டு நுழைய முடியாது என்று விவரம் தெரிந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மட்டும் 'போனை நேரில் திறந்து காட்டவும்' என்று போட்டிருக்கிறீர்கள். அடியில் 'முழு மனத்துடன் சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் டிக்கும் தாங்களே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். சம்மதிக்கும் சிரமத்தைக்கூட எங்களுக்கு வைக்காத கருணையை நினைத்தால் கண் கலங்குகிறது.

கொடுப்பதில் எனக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்? 14 ஆண்டுகளாகத் தங்கள் உப்பைத் தின்கிறேன். கைரேகை கேட்டீர்கள், தந்தேன்; வாசல் கதவு திறக்கிறது. முகம் கேட்டீர்கள், காட்டினேன், வருகைப் பதிவாகிறது. என் காசில் வாங்கிய போனில் தங்கள் செயலியை ஏற்றச் சொன்னீர்கள், ஏற்றினேன். நான் எங்கே நிற்கிறேன் என்று அது தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்றால் போனில் இருப்பதை அங்கிருந்தபடியே துடைத்துவிடவும் அதற்கு அதிகாரம் உண்டாம். நிறுவனத்தின் லிங்க்ட்இன் பதிவு ஒவ்வொன்றுக்கும் லைக் போட்டு, 'பெருமைப்படுகிறேன்' என்று கமென்ட் எழுதி, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேலாளருக்கு அனுப்பி வந்திருக்கிறேன். இனி மிச்சம் இருப்பது மண்டைக்குள் இருப்பது ஒன்றுதான். அதையும் கேட்டுவிட்டீர்கள்.

கணக்குக்குள் நுழையுமுன் தங்கள் வசதிக்காகச் சில குறிப்புகள். காலை 6 மணிக்குப் பெரிய மாமா ரோஜாப்பூப் படம் போட்டுக் 'காலை வணக்கம்' அனுப்புவார். உடனே கைகூப்பி விட வேண்டும். ஒருநாள் தவறினாலும் "என்னப்பா, பெரிய ஆளாயிட்டியோ?" என்பார். குலதெய்வக் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டிருக்கிறார்கள். என் பங்கு பாக்கி. கேட்டால் 'அப்ரைசல் முடியட்டும்' என்று என் சார்பில் பதில் போட்டுவிடுங்கள். அது எப்போது முடியும் என்பது தங்களுக்குத்தான் தெரியும். பள்ளி நண்பர்கள் குழுவில் இரண்டு கட்சிக்காரர்கள் தினமும் அடித்துக்கொள்வார்கள். சமாதானம் பேசப் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பியதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். சேரும்போது தந்த ஆஃபர் லெட்டரில், சம்பளத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. ஆக, நான் வாங்கும் சம்பளம் தங்கள் ரகசியம். நான் என் மனைவிக்கு எழுதுவது தங்கள் தணிக்கைக்கு உரியது. இந்த இரண்டையும் ஒரே நிர்வாகம் எப்படிக் கூசாமல் எழுதியது என்பதுதான் சந்தேகம்.

தங்களுக்கு முன்னோடிகள் உண்டு என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்றொரு நகரம். அந்த நகராட்சி வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் ஃபேஸ்புக், கூகுள், யாஹூ, யூடியூப், மைஸ்பேஸ் என்று பட்டியல் போட்டுப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. 2009-இல் செய்தி வெளியே வந்தது, காறித் துப்பினார்கள், சில நாள்களிலேயே நகராட்சி அதைச் சுருட்டி வைத்துவிட்டது. அவர்கள் தூக்கிப்போட்டதைத்தான் தாங்கள் தூசு தட்டி எடுத்திருக்கிறீர்கள்.

அடுத்த ஆண்டு மேரிலாந்து மாநிலச் சிறைத்துறை. தாய் இறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு சிறை அதிகாரியை நேர்காணலில் உட்காரவைத்து ஃபேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கொடுத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்து படித்தார்கள். கைதிகளின் கும்பல்களோடு தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம். தாய் செத்த துக்கத்துக்கு வந்த ஆறுதல் மொழிகளில் அந்தத் தொடர்பு ஒளிந்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஏ.சி.எல்.யூ. என்ற சிவில் உரிமை அமைப்பு விஷயத்தைக் கையில் எடுத்ததும் சிறைத்துறை திருந்தியது: இனிக் கடவுச்சொல் கேட்க மாட்டோம், வேலைக்கு வருகிறவர் தானே திறந்து காட்டட்டும், நாங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறோம், அதுவும் 'விரும்பினால்' மட்டும். கன்னம் வைத்தவன், இனிக் கன்னம் வைக்க மாட்டேன், கதவை நீயே திறந்துவிடு என்று சொன்ன கதை. 2012-இல் இதைத் தடை செய்து முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலமும் அதே மேரிலாந்துதான். பின்னால் இல்லினாய், கலிஃபோர்னியா என்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் வந்தன. அதே 2012 மார்ச்சில் ஃபேஸ்புக்கே முன்வந்து, கடவுச்சொல்லைக் கேட்பது எங்கள் விதிகளுக்கு விரோதம் என்று அறிக்கை விட்டது. ஊரார் விவரத்தைத் தின்றே தொந்தி வளர்த்த நிறுவனம் அது, மேடம். அதற்கே கூச்சம் வந்தது.

இன்னொன்று, சம்மதக் கட்டத்தில் டிக் போட்ட கைக்காக. நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தின் ஊழியர்கள் மைஸ்பேஸில் தங்களுக்குள் மட்டும் ஒரு குழு வைத்து மேலிடத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் நிர்வாகத்தினர் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கொடுத்தார். குழுவை நடத்தியவர்களுக்கு வேலை போனது. வழக்கு வந்தபோது, அவராகத்தானே கொடுத்தார் என்றது நிர்வாகம். கொடுக்காவிட்டால் தன் தலைக்கு ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்ததாக அந்தப் பெண் சொன்னார். 2009-இல் ஜூரி நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் வீட்டு உலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினால், அதில் வந்து விழுவது சம்மதம் ஆகாது. பயம். இதைப் புரிந்துகொள்ள அந்த ஜூரிக்குச் சட்டப் படிப்பு தேவைப்படவில்லை.

நம் நாட்டில் தங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023-இல், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அந்தச் சட்டத்தில் என் பெயர் 'டேட்டா பிரின்சிபல்'. படித்ததும் புல்லரித்தது. எங்கள் ஊர்க் கல்லூரியில் பிரின்சிபல் வராந்தாவில் நடந்தால் காக்காய்கூடக் கத்தாது. உலகத்திலேயே கைகட்டி நின்று படிவம் நிரப்பும் ஒரே பிரின்சிபல் நான்தான்.

அந்தத் தரவுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைத் தாங்கள் சட்டமிட்டு மாட்டிவைக்க வேண்டும். யாரிடமும் சம்மதம் கேட்காமலே அவர் தரவை எந்தெந்தக் காரியத்துக்குக் கையாளலாம் என்ற பட்டியல் அது. அரசு மானியம், நீதிமன்ற ஆணை, உயிர் போகும் மருத்துவ அவசரம், கொள்ளைநோய், பேரிடர். பேரிடருக்கு அடுத்த உட்பிரிவு, வேலை! வரிசை போட்டவர் எங்கோ வேலை பார்த்து அனுபவப்பட்டவராக இருக்க வேண்டும். 'வேலை சார்ந்த நோக்கங்கள்' என்று ஒரு கோணி. முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதும் அதற்குள் அடக்கம். ஊழியரின் கடவுச்சொல்லைக் கேட்கலாம் என்று அதில் எழுதவில்லை. கேட்கக் கூடாது என்றும் எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் தங்கள் சுற்றறிக்கை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதே சட்டத்தில் பிரின்சிபலுக்கும் கடமைகள் உண்டு; பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். களவு போனவன் ஜாக்கிரதையாக அழ வேண்டும்.

எங்கள் வரிசைப் பெண் ஒருவர் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தார். அதே வாரம் அவருடைய அத்தை மகள் முகநூலில் போட்ட திருச்செந்தூர்க் கடற்கரைப் படத்தில் ஓரமாக நின்றார். தாங்கள் அதைப் பெரிதாக்கி, அச்செடுத்து, மேஜையில் வைத்து விசாரித்தீர்கள். காய்ச்சல் விட்டால் வருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டு, விட்டதும் போனவர் அவர். அதைக் கேட்கத் தங்களுக்கு நேரமில்லை. வரவேற்பறைச் சுவரில் நம் நிறுவனத்தின் விழுமியங்களைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது, 'நம்பிக்கை'.

ஆனாலும் தங்கள் பயம் காய்ச்சலைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஆண்டு ஊதிய உயர்வு பூஜ்யம் என்று தெரிந்த இரவு நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அதில் 'சங்கம்' என்ற சொல் மூன்று முறை வந்தது. மறு வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. சட்டம் தடுக்காததை ஸ்க்ரீன்ஷாட் தடுக்கட்டும் என்பதுதானே கணக்கு? தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்தார் என்று சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். மனக்குறையைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. தங்கள் சட்டப் பிரிவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலும்.

மேடம், இதுவரை 'தாங்கள்' என்று எழுதிவந்தேன். இதற்கு மேல் வரவில்லை. 'நீங்கள்' போதும்.

அந்தக் கணக்குக்குள் நான் மட்டும் இல்லை. என் தங்கை இருக்கிறாள். புருஷன் அடித்த இரவு, வீங்கிய கன்னத்தைப் படம் எடுத்து, 'அம்மாட்ட சொல்லாதண்ணா' என்று எனக்கு அனுப்பியிருக்கிறாள். சித்தப்பாவின் பயாப்ஸி முடிவு இருக்கிறது. சித்தப்பாவுக்கே இன்னும் அது தெரியாது. தான் யார் என்பதை உலகத்தில் என்னிடம் மட்டும் சொன்ன ஒரு நண்பன் இருக்கிறான். இவர்கள் எவரும் உங்கள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடவில்லை. உங்களிடம் ஒரு ரூபாய் வாங்கித் தின்னவில்லை. நீங்கள் கேட்பது ஒரு சாவி. அது திறப்பது இவர்கள் வீட்டுக் கதவுகளை. அதை எடுத்து நீட்ட நான் யார்? கேட்க நீங்கள் யார்?

என் அப்பா தபால்காரர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர். சில இன்லண்ட் லெட்டர்கள் பசை விட்டு வாய் பிளந்து கிடக்கும். விரலால் ஒரு நெம்பு நெம்பினால் ஊர்க் கதை அத்தனையும் தெரிந்துவிடும். அப்பா சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். மூடியே இல்லாத போஸ்ட் கார்டைக்கூடக் கவிழ்த்துப் பிடித்துத்தான் நீட்டுவார். வாசிக்கத் தெரியாத ஆச்சிகள் "நீரே வாசிச்சுச் சொல்லும்யா" என்றால் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். எழுந்து மண்ணைத் தட்டும்போது அந்த விஷயத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டு வருவார். அவருக்கு உங்கள் விழுமியங்கள் ஒன்றும் தெரியாது. 1898-ஆம் வருஷத்து அஞ்சலகச் சட்டம் தெரியும்: கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரிக்கும் தபால் ஊழியருக்கு 2 ஆண்டு வரை சிறை. வெள்ளைக்காரன் சட்டம்; அரசாங்கம் பிரித்துப் பார்க்க அதில் ஒரு வழி வைத்துக்கொண்டான். முதலாளிக்கு வழி வைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்தத் தண்டனைப் பிரிவைக் காணோம். அரசாங்கத்தின் வழி மட்டும் பத்திரமாக இருக்கிறது. காலம் உங்கள் பக்கம்தான் ஓடுகிறது. ஆனால் நான் அந்தச் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

ஆகவே படிவத்தை நிரப்பாமல் திருப்பித் தருகிறேன். நீங்கள் போட்டுவைத்த டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'சம்மதம் இல்லை' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். என் வேலையைச் சோதியுங்கள், அதற்குத்தான் சம்பளம். அலுவலகக் கணினியையும் அலுவலக மின்னஞ்சலையும் சோதியுங்கள், அவை உங்களுடையவை. கம்பெனி ரகசியத்தை நான் வெளியே விற்றதாகச் சந்தேகம் இருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள். அவர்கள் சட்டப்படி வரட்டும். 'தக்க நடவடிக்கை' எடுப்பதானால் அதற்கான காரணத்தை லெட்டர்ஹெட்டில், முத்திரை வைத்து, எழுத்தில் கொடுங்கள். 'தங்கையின் கண்ணீரைக் காட்ட மறுத்ததால் பணிநீக்கம்' என்ற வரிக்குக் கீழே யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

உடன் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமைக்குள் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் நிரப்பாவிட்டால் அவன் வேலை போகும். ஒருவருமே நிரப்பாவிட்டால் படிவம்தான் போகும். போஸ்மனில் அதுதான் போனது.

இப்படிக்கு,
பணியாளன்.

நகல்: இரண்டாம் தளத்தில் உள்ள அனைவருக்கும்.
இணைப்பு: ஏதும் இல்லை.