நாக்கை நீட்டு, மருமவனே!

வாய்யா மருமவனே. ஈப்போவுல சீன வைத்தியம் பாக்குற சின்சேகிட்ட போயிட்டு வந்ததுலேர்ந்து ஒன் வியாதிக்குப் பவிசு வந்துருச்சுன்னு ஒங்க அத்தை சொன்னா. போன வாரம் வரைக்கும் வெறும் தலைவலி. இப்போ, "கல்லீரல்ல காத்து அடைச்சுக்கிட்டு மேல ஏறுது மாமா"ங்கிறே. வலி அதேதான், பேரு மட்டும் பெருசாயிருச்சு.

சிரிக்கலைய்யா. அவரு சொன்னதுல விசயம் இருக்கு. சீன வைத்தியத்துல நோயாளியப் புரிஞ்சுக்க நாலு வழி: கண்ணால பாக்குறது, பேச்சையும் மூச்சையும் கேட்டு வாடையையும் கவனிக்கிறது, வாயத் தொறந்து விசாரிக்கிறது, கையத் தொட்டு நாடி பாக்குறது. மஞ்சள் பேரரசர் பேருல ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி தொகுத்த பொஸ்தகத்துல ஆரம்பிச்ச சங்கதி இது. ஒன் மணிக்கட்டுல மூணு விரல வச்சாரே, எடது கையில அது இருதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். நாக்கை நீட்டச் சொன்னாரே, நுனி இருதயமாம், ரெண்டு ஓரமும் கல்லீரலாம், நடுவுல வயிறாம், அடியில சிறுநீரகமாம். ஒங்க அத்தை நாக்குல எது எங்க இருக்குன்னு நாப்பது வருசமா நானும் பாக்குறேன், பிடிபடலே.

உறுப்புக்கு ஒரு குணமும் உண்டு. கோவம் கல்லீரல்ல, துக்கம் நுரையீரல்ல, பயம் சிறுநீரகத்துல, ஓயாத யோசனை மண்ணீரல்ல. சந்தோசத்தையும் விடல, அளவு மீறினா இருதயத்துக்கு ஆகாதாம். அவங்க சொல்ற கல்லீரலும் கசாப்புக் கடையில தொங்குற கல்லீரலும் ஒண்ணு இல்லே, அத மறந்துராதே. ஆனா, "யாரு மேல கோவம்?"னு அவரு கேட்டதும் நீ பொலபொலன்னு மேனேஜர் கதையக் கொட்டிட்டியாமே! கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக்காச்சும் ஒன் மேனேஜர விசாரிச்சிருக்காரா? பாவம், அவருக்கு வாசல்ல வரிசை நிக்குது.

தலைவலின்னு ரெண்டு பேரு போனா ரெண்டு விதமான பொட்டலம் கட்டுவாங்க. வேற வேற நோய்க்கு ஒரே பொட்டலமும் கட்டுவாங்க. என்ன நோய்ங்கிறதவிட, யாரு நோயாளிங்கிறதுதான் அங்க கேள்வி. கேள்வி நல்ல கேள்வி. பதிலத்தான் பாத்து வாங்கணும்.

லூ சுன்னு பெரிய சீன எழுத்தாளர் இருந்தாரு. அவரு பையனா இருந்தப்ப அப்பாவுக்கு உடம்பு நீர் கோத்து வீங்கிருச்சு. ஷாவ்சிங் ஊர்ல பேருபெத்த வைத்தியர் வந்தாரு. மருந்தோட சேக்க ஒரு ஜோடி சில்வண்டு வேணும்னாரு. சும்மா ரெண்டு புடிச்சா ஆகாது, மொதல்லேர்ந்து ஒண்ணா இருந்த ஜோடியா இருக்கணுமாம். பூச்சிகிட்ட கல்யாணப் பத்திரத்த யாரு போயி கேக்குறது? வயிறு மத்தளமா வீங்கியிருக்கு, அதனால கிழிஞ்ச மத்தளத் தோல்ல செஞ்ச மாத்திரையும் குடுத்தாங்க. 1896-ல அப்பா போய்ச் சேந்துட்டாரு. பாத்தியா சூட்சுமத்த? நோயாளி பொழைச்சா வைத்தியர் கெட்டிக்காரர், போயிட்டா ஜோடி சரியில்லே. எந்தப் பக்கம் விழுந்தாலும் தோக்காத மருந்த நம்பாதே.

சீனத் தலைவர் மாவோவும் லேசுப்பட்ட ஆளு இல்லே. 1950-கள்ல சீன வைத்தியத்த நாடு முழுக்க வளக்கச் சொன்னவரு, தனக்கு மட்டும் அதுல நம்பிக்கை இல்லேன்னு சொன்னதா அவரோட டாக்டரே எழுதி வச்சிருக்காரு. ஊருக்குக் கஷாயம், வீட்டுக்கு மாத்திரை!

அதுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போட்டுறாதே. 1967-ல, வியட்நாம் சண்டையில மலேரியாவால ஆளுங்க செத்துக்கிட்டு இருந்தப்ப, சீன அரசாங்கம் ரகசியமா மருந்து தேட ஆரம்பிச்சுச்சு. தூ யூயூங்கிற அம்மா பழைய ஏடுகளப் பொரட்டுனாங்க. நாலாம் நூத்தாண்டுல கே ஹோங் எழுதுன ஏட்டுல, முறைக்காய்ச்சலுக்கு ஒரு செடியத் தண்ணியில ஊற வச்சு, பிழிஞ்சு குடின்னு இருந்துச்சு. கொதிக்க வைக்கச் சொல்லலே. சூடுதான் மருந்தக் கெடுக்குதோன்னு, கம்மிச் சூட்டுலேயே ஈதர்ல சாறு எடுத்தாங்க. 1971-ல 191-வது சாறுல எலிக்கு மலேரியா போயிருச்சு. நோயாளிக்குக் குடுக்குறதுக்கு முந்தி தானே குடிச்சுப் பாத்தாங்க. 2015-ல நோபல் பரிசு. அதுக்கு முந்துன சாறு ஒண்ணுக்காச்சும், செடிக்கு ஜோடி சரியில்லேன்னு அந்தம்மா சாக்கு சொல்லலே பாரு.

சரி, இப்போ ஒன் பொட்டலத்தப் பிரி. மூணு மங்குத் தண்ணிய ஒரு மங்கா சுண்ட வைக்கச் சொன்னாரா? இந்தா, மஞ்சளா சீவல் சீவலா கெடக்கே, நக்கிப் பாரு, இனிக்கும். அதிமதுரம். பல கஷாயத்துல இது இருக்கும். நெறைய, நாள்கணக்கா குடிச்சா ரத்த அழுத்தத்த ஏத்தும். நீ ப்ரெஷருக்கு மாத்திரை போடுறே. சின்சேகிட்ட சொன்னியா? ஏன்யா முழிக்கிறே? ஆஸ்பத்திரியில, கஷாயம் குடிக்கிறேன்னு சொன்னியா? அங்கேயும் இல்லே! மேனேஜர் கதைய ஒண்ணு விடாம சொன்ன வாயி, மாத்திரைய மட்டும் முழுங்கிருச்சு. விசாரிக்கிறதுதான்யா அந்த வைத்தியத்துலேயே உருப்படியான வேலை. அதுல நீ ஒளிச்சு வச்சா மூணு விரல் என்னா பண்ணும்?

பச்சிலைதானே, என்னா செஞ்சுறப் போகுதுன்னு இழுக்காதே. 1990-கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல உடம்பு எளைக்க சீன மூலிகை சாப்புட்ட நூறு பொம்பளைங்களுக்கு மேல சிறுநீரகம் கெட்டுப்போச்சு. ஒரு செடிக்குப் பதிலா இன்னொண்ணு கலந்துருச்சு, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில மொதல்ல ப்ரெஷரப் பாத்துரு. ரெண்டு எடத்துலயும் உள்ளத உள்ளபடி சொல்லு. கல்லீரல் காத்துக்கு மட்டும் நானே ஒரு பத்தியம் சொல்றேன், காசு வேணாம். ராத்திரி பொழுதுல மேனேஜர் அனுப்புற மெசேஜத் தொறக்காதே.