சட்டையைப் போடு, சட்டையைக் கழற்று

வடக்கு அந்தமானில், திக்லிபூர் பக்கத்துக் கடலோரத்தில் போர்ட் கார்ன்வாலிஸ் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அந்தப் பெயர் அங்கே பிறந்ததில்லை, குடிபெயர்ந்து வந்தது. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற லெப்டினன்ட் தெற்கு அந்தமானில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு குடியிருப்பைப் போட்டு, அதற்கு போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயரும் சூட்டினார். அப்போது அண்ணன் கார்ன்வாலிஸ் கவர்னர் ஜெனரல், தம்பி கார்ன்வாலிஸ் கப்பற்படைத் தளபதி. ஒரே பெயரில் இரண்டு பேருக்கும் ஐஸ் வைத்துவிடலாம். ஆனால் தம்பிக்கு வடக்கே இருந்த துறைமுகம்தான் பிடித்துப் போயிற்று. 1792-ல் பெட்டி படுக்கை, ஆடு கோழிகளோடு பெயரையும் தூக்கிக்கொண்டு மொத்தக் குடியிருப்பும் திக்லிபூர் பக்கம் வந்து சேர்ந்தது. நாலே வருஷம். காய்ச்சல் கண்டு ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1796-ல் கடையை மூடும்போது அங்கே 270 கைதிகளும் 550 வங்காளக் குடியேறிகளும் இருந்தார்கள். கைதிகளைப் பினாங்குக்குக் கப்பலேற்றிவிட்டு, மற்றவர்களை வங்காளத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பெயரை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள்.

இந்த நாலு வருஷத்தில்தான் திக்லிபூர் பக்கத்தில் முதல் 'போட்டோ செஷன்' நடந்தது. கேமரா கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்ததால், கண்ணாடியை வைத்துச் சமாளித்தார்கள்.

பர்மா அரசரிடம் தூது போகிற வழியில் மைக்கேல் சைம்ஸ் 1795-ல் போர்ட் கார்ன்வாலிஸில் இறங்கினார். அங்கே காதில் விழுந்ததை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு இளம்பெண்கள், பசிக் கொடுமை. மீனைக் காட்டி அவர்களைப் பிடித்துக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். கேப்டன் நல்லவர் என்கிறார் சைம்ஸ். இருக்கட்டும். அந்தப் பெண்கள் அந்த நற்சான்றிதழை நம்பவில்லை. தனி அறை கொடுத்தும், ஒருத்தி தூங்கினால் மற்றவள் விழித்திருந்து காவல் காத்தாள். துணி உடுத்திவிட்டார்கள், சும்மா நின்று உடுத்திக்கொண்டார்கள், ஆள் நகர்ந்ததும் கழற்றி வீசிவிட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டியபோது மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். பாடினார்கள், மேல்தளத்தில் ஆடினார்கள், சோறும் மீனும் சாப்பிட்டார்கள், சாராயத்தைத் தொடவில்லை. உடம்பு தேறியதும் ஒரு நடுராத்திரியில் கேப்டனின் அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் புகுந்து, பின்பக்க ஜன்னல் வழியாகக் கடலில் குதித்து, அரை மைல் தள்ளியிருந்த தீவுக்கு நீந்திப் போய்விட்டார்கள். சாப்பாடு ஆயிற்று, பொழுதுபோக்கும் ஆயிற்று, கிளம்பியாயிற்று. அந்தமானுக்கு வந்த வெள்ளைக்காரர்களை இவ்வளவு லாபமாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு யாரும் இல்லை.

துணி விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூறு வருஷத்து அந்தமான் புகைப்படக் கதை முழுக்க அதுதான்.

1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிடிபட்டவர்களைக் கொண்டுபோய்த் தள்ளத் தூரமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. கம்பெனி ஒரு கமிட்டி போட்டது. தலைவர் ஃபிரெடரிக் மௌவட், டாக்டர், வங்காளச் சிறைகளின் இன்ஸ்பெக்டர். 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில் ஏறி, முதலில் வந்து சேர்ந்தது நம்ம போர்ட் கார்ன்வாலிஸுக்குத்தான். அறுபது வருஷத்துக்கு முன்னால் கைவிட்டுப் போன குடியிருப்பின் செங்கல்களைக் காடு பாதி விழுங்கியிருந்தது. கமிட்டியோடு ஒரு போட்டோக்காரரும் வந்திருந்தார். கல்கத்தாவில் இருந்த பிரெஞ்சுக்காரர், பெயர் ஆஸ்கர் மலித்.

அவர் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது ஈரத் தகடுதான். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, சொட்டச் சொட்டக் கேமராவில் செருகி, மூடியைத் திறந்து எண்ணி, மூடி, மறுபடி கூடாரத்துக்கு ஓடிக் கழுவ வேண்டும். எல்லாம் தகடு காய்வதற்குள். அந்தமான் புழுக்கத்தில், கூடாரத்துக்குள் ஈதர் வாடையில், நெற்றி வியர்வை ஒரு சொட்டு தகட்டில் விழுந்தாலும் படம் போச்சு. எதிரே நிற்பவர் சில விநாடி அசையாமல் நின்றாக வேண்டும். அசைந்தால் ஆவி. இதில் ஒரு சின்ன நியாயம் ஒளிந்திருக்கிறது. வில்லோடு ஓடியவர்கள், படகை வளைத்துத் திருப்பியவர்கள், புதருக்குள் மறைந்தவர்கள் யாரும் எந்தத் தகட்டிலும் இல்லை. கேமராவுக்குத் தெரிந்ததெல்லாம் மரம், செங்கல், கமிட்டி.

அசையாத அந்தமான்காரர் ஒருவர் தேவைப்பட்டார். இன்டர்வியூ தீவுப் பக்கம் நடந்த கைகலப்பில் ஒருவரைப் பிடித்தார்கள். அந்தத் தீவின் பெயரைப் படித்துவிட்டு யாரும் அவரைப் பேட்டி கண்டதாக நினைக்க வேண்டாம். பெயரைக்கூடக் கேட்கவில்லை. மாலுமிகள் 'ஜாக்' என்று கூப்பிட்டார்கள், மாலுமி உடுப்பையும் மாட்டிவிட்டார்கள். கல்கத்தாவில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. படம் எடுத்தார்கள். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். தொலைந்துவிட்டதாக வெகுகாலம் நினைத்திருந்த மலித்தின் படங்கள் கடைசியில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருந்தன. ஜாக்கின் சொந்தப் பெயர் அங்கேயும் இல்லை.

கமிட்டி திக்லிபூரைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்பா' என்றது. பிளேர் முதலில் பிடித்த தெற்குத் துறைமுகமே போதும், ஆனால் அதன் பெயரைத்தான் வடக்கே கொண்டுபோயாயிற்றே? சரி, போர்ட் பிளேர் என்று அவர் பெயரையே வைத்துவிடு. 1858 மார்ச் 10-ல் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு அங்கே போய் இறங்கினார். 2024-ல் அதற்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியாயிற்று. பெயர் மாற்றும் வேலையில் மட்டும் அந்தமானை ஆள்பவர்கள் என்றைக்கும் சோம்பியதில்லை.

வாக்கருக்குப் பின் வந்தவர்கள் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' நடத்தினார்கள். காட்டு மக்களைக் கூட்டிவந்து துணி உடுத்தி, நாகரிகம் சொல்லிக்கொடுக்கும் இடம். இல்லத்தைக் கவனித்த ஹோம்ஃப்ரே 1865-ல் சிலரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போய் சாஷே அண்ட் வெஸ்ட்ஃபீல்ட் ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டார். நடுவில் ஹோம்ஃப்ரே, சுற்றிலும் அவர்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கப்படி யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சிரிக்கக் காரணமும் இல்லை.

பிறகு வந்தார் மாரிஸ் விடால் போர்ட்மன். 1879-ல் வரும்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் நமக்கெல்லாம் காலேஜில் அட்டெண்டன்ஸ் பிரச்சினை. இவரிடம் ஒரு தீவுக்கூட்டத்து மக்களையே ஒப்படைத்தார்கள். 1880-ல் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் ஒரு வயதான ஜோடியையும் நாலு குழந்தைகளையும் பிடித்து வந்தார். பெரியவர்கள் இருவரும் போர்ட் பிளேரில் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி விட்டார்கள். இந்த இடத்தில் எனக்கு நக்கல் வரவில்லை, மேலே போவோம்.

1890-களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காகப் போர்ட்மன் கேமராவைத் தூக்கினார். உழைப்பாளி, அதை மறுக்க முடியாது. வாய்ச்சி செய்வதையும் வில் செய்வதையும் ஒவ்வொரு கட்டமாகப் பிளாட்டினம் பிரிண்டில் எடுத்து வைத்திருக்கிறார். அவற்றைப் பார்த்தால் நாமே ஒன்று செய்துவிடலாமோ என்று கை பரபரக்கும். ஆனால் ஆட்களை எடுக்கும்போது வேறு சட்டம். 1896-ல் மானிடவியல்காரர்களுக்காக அவர் எழுதிய கட்டுரையின்படி, ஆள் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்க வேண்டும். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட திரை, ஒவ்வொரு கட்டமும் சரியாக இரண்டு அங்குலம், உடம்பு அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கலை அழகுக்காக மங்கலாக எடுப்பவர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

சைம்ஸ் சொன்ன கதையில் துணி உடுத்திவிட்டது ஒரு கப்பல். பிறகு ஜாக்குக்குச் சட்டை மாட்டியது கப்பல் மாலுமி. ராஸ் தீவில் உடுத்தப் பழக்கியது சர்க்கார். இப்போது அதே சர்க்காரின் அதிகாரி, 'எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு நில்' என்கிறார். காட்டுவாசி என்று படத்தின் கீழே எழுத வேண்டுமென்றால் ஆளும் காட்டுவாசியாகத் தெரிய வேண்டுமே! கடலில் குதித்த இரண்டு பெண்களும் நூறு வருஷம் முன்னாலேயே இந்த விவகாரத்தை ஒழுங்காக முடித்து வைத்திருந்தார்கள்.

படங்கள் கூடக் கூட, ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1858-ல் சுமார் ஐயாயிரம் பேர் என்று கணிக்கப்படும் கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625. மேகநோயும் 1877-ன் தட்டம்மையும் ஊர் ஊராக வாரிக்கொண்டு போயின. 1961-ல் 19 பேர். திக்லிபூரைச் சுற்றிய வடக்கு அந்தமான் முழுக்க வழங்கிய சாரி, கோரா, ஜேரு, போ மொழிகளில், போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010-ல் காலமானார். ஆல்பங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில்.

லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் இந்த மாதிரிப் படங்கள் லாந்தர் ஸ்லைடாகின. மூன்றேகால் அங்குலச் சதுரக் கண்ணாடி, அதன்மேல் படம், ஓரத்தில் கறுப்புக் காகிதச் சட்டம், மேலே இன்னொரு கண்ணாடி, நாலு பக்கமும் பசைத் தாள் ஒட்டு. ஒரு மூலையில் கட்டைவிரல் வைக்க ஒரு புள்ளி. விளக்குக்காரர் அந்தப் புள்ளியில் விரலை வைத்து ஸ்லைடைத் தலைகீழாகத்தான் செருக வேண்டும், அப்போதுதான் திரையில் நேராகத் தெரியும். ஆக, புரொபஸர் மேடையில் 'பழங்குடியின் வாழ்க்கை' என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, அறையின் பின்னால் விளக்குக்காரர் கையில் இருந்த அந்தமான்காரர்கள் அத்தனை பேரும் சிரசாசனத்தில் இருந்தார்கள். புள்ளியைப் பார்க்காமல் செருகிவிட்டால் திரையிலும் அதே கதிதான். அன்றைக்குத்தான் கூட்டம் விழித்துக்கொண்டிருக்கும்.

கேம்பிரிட்ஜிலிருந்து 1906-ல் வந்த இளைஞர் ஏ. ஆர். பிரவுன். மாணவராக இருந்தபோது அவருக்கு 'அனார்க்கி பிரவுன்' என்று பட்டப்பெயர். அந்தமானியர் பற்றிய அவர் புத்தகம் 1922-ல் வந்தபோதும் பிரவுன்தான். ராட்கிளிஃப்-பிரவுன் ஆனது அதற்குப் பிறகு. பார்த்தீர்களா, இங்கே வந்து போகிற யாருக்கும் பெயர் ஒரு நிலையில் நிற்பதில்லை.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது இரண்டு. வடக்கு அந்தமானில் சண்டை போட்ட இரு கூட்டம் சமாதானமாவதற்கு ஒரு சடங்கு உண்டு. குருத்தோலை கிழித்துத் தொங்கவிட்ட பிரம்பை ஒட்டி ஒரு கூட்டத்து ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். எதிர்க்கூட்டம் ஆடிக்கொண்டே வந்து ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கும், பிறகு பெண்கள் வந்து உலுக்குவார்கள். நிற்பவர் முகத்தில் ஒரு சின்னப் பயம்கூடத் தெரியக் கூடாது. இப்படிப் பழகிய முகத்தைத்தான் லண்டனில் திரையில் பார்த்து, பாவம், உணர்ச்சியே இல்லாத ஜனங்கள் என்று தலையாட்டியிருப்பார்கள்.

இரண்டாவது, அழுகை. வெகுநாள் கழித்துச் சந்திக்கும் நண்பர்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுவது அவர்கள் வழக்கம். அதை எனக்குச் செய்து காட்டுங்கள் என்று பிரவுன் கேட்டாராம். உடனே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து நிஜக் கண்ணீர் விட்டார்களாம், கேட்ட மாத்திரத்தில். நம்ம கோடம்பாக்கத்தில் இதற்கு கிளிசரின் பாட்டிலோடு ஒரு அசிஸ்டன்ட் டைரக்டர் நிற்க வேண்டும். உணர்ச்சியே இல்லாத ஜனங்கள்!

போர்ட்மன் விஷயத்தில் ஒரு பாக்கி இருக்கிறது. அதே 1896 கட்டுரையில், தகடு, திரை, வெளிச்சம் எல்லாம் சொல்லி முடித்த கையோடு குணநலனுக்கும் ஒரு விதி வைக்கிறார். ஆள் சரியாக நிற்காவிட்டால் அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடு. கோபப்படாதே. அவனை முட்டாள் என்று நினைப்பதாகக் காட்டிக்கொள்ளாதே. குறும்பு செய்து உன்னை எரிச்சலூட்டலாம், வேலையைக் கெடுக்கலாம், நிறுத்துவதற்கு உன்னிடம் லஞ்சம் கறக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வரவே விடாதே.

இவ்வளவு விவரமான விதியை ஒருவர் சும்மா உட்கார்ந்து எழுத மாட்டார். கட்டம் போட்ட திரைக்கு முன்னால் யாரோ ஒருவர் சரியான நேரத்தில் மூக்கைச் சொறிந்திருக்கிறார், தகடு பாழாயிருக்கிறது. அடுத்த தகட்டுக்கும் சொறிந்திருக்கிறார். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியபோது, போர்ட்மன் கையிலிருந்து புகையிலை மாறியிருக்கிறது. மறுநாள் அண்ணன் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு அவரே முதல் ஆளாக வரிசையில் வந்து நின்றிருப்பார்.