மந்திரவாதியும் மண்ணெண்ணெயும்

பாரிஸ் போலீசுக்குக் காரின் அருமையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கள்ளர்கள்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கிய பையோடு மார்க்ஸ் டோர்முவா பக்கம் ஏறி நடந்தால் ஓர்தனேர் வீதி வரும். அந்த வீதி மேற்கே நீண்டு போகிற இடத்தில், 1911 டிசம்பர் 21 காலை, ஜூல் பொன்னோ என்ற மெக்கானிக்கும் அவருடைய கூட்டாளிகளும் சொசியேத்தே ஜெனரால் வங்கிக் கிளை வாசலில் பணப்பையோடு வந்த ஊழியரைச் சுட்டார்கள். பையைப் பிடுங்கினார்கள். காரில் ஏறிப் பறந்தார்கள். கொள்ளையடித்துவிட்டுக் காரில் தப்பியோடும் கலை இங்கேதான் பிறந்தது என்று பிரெஞ்சுக்காரர் இன்றும் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். பெருமைப்பட அவர்களிடம் வேறு விஷயமும் இருக்கிறது, ஆனாலும் விடமாட்டார்கள்.

பொன்னோ கூட்டம் அராஜகவாதிகள். பலர் சுத்த சைவம். மது தொடமாட்டார்கள். கோப்பிகூட உடம்புக்கு ஆகாது என்று ஒதுக்கியவர்கள். துவக்குச் சூடு உடம்புக்கு ஆகுமா என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லைப் போலிருக்கிறது. சுடப்பட்ட ஊழியர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். பையைப் பிரித்தால் பெரும்பங்கு மாற்ற முடியாத பங்குப் பத்திரங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அவர்கள் களவெடுத்து ஓட்டிவந்த கார். அது டெலோனே-பெல்வில். ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலாஸ் விரும்பி வாங்கிய வகை. ஜார் ஏறுகிற காரில் களவுக்குப் போனால் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் அது ஞாபகத்தில் நிற்கும். கடைசியில் காரை டியெப் துறைமுகத்தில் கைவிட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. மூன்று மாதம் கழித்து ஷாந்தியி ஊரில் அடுத்த வங்கியை அடித்தபோது, போலீஸ் குதிரையிலும் சைக்கிளிலும் துரத்தியது. துரத்தியது என்று எழுதுவதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

கார் வேகமாக ஓடவேண்டும், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த ஞானம் பிரான்சுக்கு வர இன்னும் 35 வருடம் பிடித்தது.

1946இல் பியேர் லூத்ரேல் என்பவர் வந்தார். 'பைத்தியக்காரப் பியெரோ' என்று பெயரெடுத்தவர். போர்க்காலத்தில் ஜெர்மன் கெஸ்டாப்போவோடு சேர்ந்து கொள்ளையடித்தவர். போர் முடிந்ததும் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அவருடைய கூட்டத்துக்குக் காரின் பெயரையே வைத்தார்கள்: திராக்சியோன் அவான் கும்பல். சித்ரோன் கம்பனியின் அந்தக் கறுப்புக் கார் அன்றைய பிரான்சில் எந்தத் தெருவைத் திரும்பினாலும் நின்றது. டாக்டரிடம் இருந்தது, வக்கீலிடம் இருந்தது, போலீசிடமும் இருந்தது. முன்சக்கரம் இழுக்கிற வண்டி, தரையை ஒட்டிய உடம்பு, வளைவில் மற்றக் கார்கள் சறுக்க இது ஒட்டிக்கொண்டு போகும். சித்ரோன்காரரே இதற்குள் ஒரு குறும்பும் செய்து வைத்திருந்தார்கள். 1938இல் ஏறக்குறைய அதே உடம்புக்குள் நாலு சிலிண்டரைத் தூக்கிவிட்டு ஆறு சிலிண்டர், 2.9 லீற்றர் எஞ்சினை வைத்து '15 சிஸ்' என்று விற்றார்கள். முன்னால் போகிற டாக்டரின் கார் திடீரென்று 130இல் மறைந்தால் அது டாக்டரின் கார் அல்ல.

லூத்ரேலின் முடிவைச் சொல்லாமல் போகமுடியாது. 1946 நவம்பரில் ஒரு நகைக்கடையை அடித்துவிட்டுக் காரில் ஏறும்போது துப்பாக்கியை இடுப்பில் செருகப்போய்த் தன் வயிற்றிலேயே சுட்டுக்கொண்டார். செத்தார். கூட்டாளிகள் செய்ன் நதித் தீவொன்றில் புதைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். போலீஸ் 1949 வரை ஒரு பிணத்தை நாடெங்கும் தேடியது.

அதே காலத்தில் அமெரிக்க மலைநாட்டில் கசிப்புக் கடத்துகிறவர்கள் இந்தக் கலையை வேறொரு வழியில் முற்றவைத்தார்கள். சாதாரண ஃபோர்ட் வி8 கார். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டுச் சாராயப் போத்தல். பாரத்தில் பின்பக்கம் குந்தாமலிருக்கத் தடித்த வில்லுகள். எஞ்சினுக்கு இரண்டு மூன்று காபரேட்டர். சரக்கு ஏற்றினால் கார் நல்ல பிள்ளை மாதிரி மட்டமாக நிற்கும். இறக்கினால் பிட்டம் வானத்தைப் பார்க்கும். கெட்டிக்காரப் போலீஸ் அதை வைத்தே பிடிக்கும். இவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் தங்களுக்குள் ஓட்டிப் பார்த்த பந்தயத்தின் பேரப்பிள்ளைதான் 1948இல் பதிவான நாஸ்கார். அதன் பெரிய வீரர் ஜூனியர் ஜோன்சனைக் காரில் வைத்து ஒருவராலும் பிடிக்கமுடியவில்லை. 1956இல் தகப்பனாரின் வடிசாலையில் கால்நடையாக நின்றபோது பிடித்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜனாதிபதி ரேகன் மன்னிப்பு வழங்கினார்.

இவ்வளவு நேரமும் கள்ளர் கதை. நேர்மையான மனிதர் ஒருவரும் இந்த வரலாற்றில் இருக்கிறார். அவரும் வந்தேறுகுடி.

அமெதியோ கோர்தினி 1899இல் இத்தாலியில், பொலோஞ்ஞாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1920களில் பாரிசுக்கு வந்து, திரும்பிப் போகவில்லை.  பெயரை அமெதே என்று பிரெஞ்சுப்படுத்திக்கொண்டு, கராஜ் ஒன்றைத் திறந்து, ஃபியற் கார்களைத் திருத்தத் தொடங்கினார். திருத்தக் கொடுத்த கார் கொடுத்ததைவிட வேகமாகத் திரும்பி வந்தது. ஃபியற்றின் பிரெஞ்சுப் பிறவியான சிம்கா கம்பனி இவரைப் பிடித்துக்கொண்டது. அரை லீற்றரைக் கொஞ்சம் தாண்டிய எஞ்சின் கொண்ட சிம்கா 5, இரண்டுபேர் நெருக்கி இருந்தால் மூச்சுமுட்டும் வண்டி. அதை லு மான் 24 மணிநேரப் பந்தயத்துக்கே கொண்டுபோனார். பத்திரிகைக்காரர் 'மந்திரவாதி' என்று பட்டம் கொடுத்தார்கள். மந்திரம் என்ன? காசில்லை. காசில்லாதவன் புது எஞ்சின் வாங்கமாட்டான், இருக்கிறதைத்தான் அராவுவான்.

போருக்குப் பிறகு பூல்வார் விக்தோரில் பட்டறை. சிம்காவோடு சண்டை பிடித்துப் பிரிந்து, சொந்தப் பெயரில் கிராண்ட் பிரீ கார்கள். எப்போதும் கடன், எப்போதும் ஏதாவதொரு பாகம் கழன்று விழும். ஆனால் 1952 ஜூன் 29, ரெய்ம்ஸ் நகரில், ஜோன் பெரா என்ற ஓட்டுநர் கோர்தினியின் நீலக் காரில் ஃபெராரிகளை முந்தி வென்றார். பிரான்ஸ் ஆடிப்பாடியது. இரண்டு லீற்றருக்கு மேல் போகக்கூடாத அந்தப் பந்தயத்தில் மந்திரவாதி இரண்டரை லீற்றர் எஞ்சினைப் பொனற்றுக்குள் வைத்திருந்தார் என்ற வதந்தி இன்றுவரை சாகவில்லை. உண்மையாக இருந்தால், உடம்பைப் பார்த்து உள்ளே இருப்பதை அறியமுடியாத கார்களில் அதுவே மகாராணி. பொய்யாக இருந்தால், வதந்தி கிளப்பியவர் தோற்றவர்.

1957இல் காசு முற்றாகத் தீர்ந்தது. ரெனோ கைகொடுத்தது. அரசாங்கக் கம்பனி, குடும்பஸ்தர்களுக்குக் கார் செய்கிறவர்கள். அவர்களுடைய டோஃபின் பின்னால் எஞ்சின் வைத்த வண்டி. முன்பக்கம் இலேசாகி, காற்றடித்தால் அலையும். முன் பெட்டிக்குள் மணல் மூட்டை வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. கோர்தினி அதைக் கொஞ்சம் உசுப்பிக் கொடுத்தார், விற்றது. பிறகுதான் அசல் வேலை.

1964 ஒக்டோபர், பாரிஸ் கார்க் கண்காட்சி: ரெனோ 8 கோர்தினி. ரெனோ 8 பார்வைக்கு நாலு கதவு வைத்த பிஸ்கட் தகரம். பள்ளிக்கூட ஆசிரியரும் தபால்காரரும் ஓட்டுவது. முதலில் வந்தபோது அதன் எஞ்சின் ஒரு லீற்றருக்கும் குறைவு, சக்தி 50 குதிரையைத் தொடாது. மந்திரவாதி 1108 சிசி எஞ்சினுக்கு அரைக்கோள எரியறை கொண்ட புதுத் தலை செய்து, இரட்டைத் தொண்டை காபரேட்டர் இரண்டைப் பொருத்தி, 95 குதிரையை வெளியே எடுத்தார். அதே கதவு, அதே கைபிடி, அதே தகரம். மணிக்கு 170 கிலோமீற்றர். பெரிய ஜெர்மன் கார்க்காரர் கண்ணாடியில் தபால்காரரைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பார். அடுத்த கணம் தபால்காரர் முன்னால் இருப்பார்.

ரெனோ ஒரு தவறு செய்தது. காருக்குப் பிரெஞ்சு நீலம் அடித்து, மேலே இரண்டு வெள்ளைக் கோடு இழுத்தது. கள்ளன் நெற்றியில் தொழிலை எழுதிக்கொண்டு போகலாமா? ஆனாலும் அந்தக் கோட்டுக்காகவே இளந்தாரிகள் பைத்தியமானார்கள். அந்த ஆண்டே கோர்சிகாத் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தை ஜோன் வினாத்தியே அந்தக் காரில் வென்றார். 1966இல் எஞ்சின் 1255 சிசி, 103 குதிரை, ஐந்து கியர், முன்னால் இன்னும் இரண்டு விளக்கு. இரண்டாவது பெற்றோல் தாங்கியை முன் பெட்டியில் வைத்தார்கள். மணல் மூட்டைக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்த மாதிரி. அதே வருடம் எல்லோரும் ஒரே மாதிரிக் காரில் மோதும் 'கோர்தினிக் கோப்பை' தொடங்கியது. அதில் பழகிய பையன்களில் ஒருவர் ஜோன்-பியேர் ஜபுய்.

கோர்தினி 1979 மே 25 பாரிசில் இறந்தார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை முதலாம் திகதி, டிஜோனில் நடந்த ஃபோர்முலா 1 பந்தயத்தில் அதே ஜபுய் வென்றார். எஞ்சினில் ரெனோ-கோர்தினி என்று எழுதியிருந்தது. இரண்டாவதாக வந்தது ஃபெராரி. மந்திரவாதி மொன்மார்த்ர் இடுகாட்டில் இருக்கிறார். நம்முடைய மாணிக்க விநாயகர் கோயில் இருக்கும் அதே 18ஆம் வட்டாரம். ஒரு கணக்கில் அயலவர். 2010இல் ரெனோ அவருடைய பெயரை எடுத்துத் துவிங்கோவிலும் கிளியோவிலும் ஒட்டி, நீலமும் கோடும் போட்டு விற்றது. அதைப்பற்றி அயலவர் என்ற முறையில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இனி எங்கள் ஆட்கள்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றது. மின்சாரம் நின்றது. பற்றரியும் தடை. ஊரில் நின்ற கார்களோ ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிஜ். சிறிமாவோ காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டின் புண்ணியத்தில் பேரன்மார் கைக்கு வந்த சீமைக் கிழடுகள். கொழும்பில் யப்பான் கார் ஓடியவர்கள் பார்த்துச் சிரித்த வண்டிகள். இவற்றை எங்கள் மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள்.

இது மந்திரவாதியின் வித்தைக்கு நேர்த் தலைகீழ். கோர்தினி எஞ்சினின் அமுக்கத்தைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றினார். அதற்கு நல்ல பெற்றோல் வேண்டும், மண்ணெண்ணெயை ஊற்றினால் எஞ்சின் சம்மட்டி அடித்துச் செத்துப்போகும். ஏ40இன் அமுக்கம் ஏழு மடங்குக்குப் பக்கம். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் 1953 வரை கிடைத்தது தரங்கெட்ட பெற்றோல். அதைக் குடித்துச் சமாளிக்கத்தான் அந்த எஞ்சின்களைப் பொறியியலாளர் செய்தார்கள். யாழ்ப்பாணத்தை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. அதற்குச் சொட்டுப் பெற்றோல் வேண்டும். அந்தச் சொட்டை, தங்கத்தை உரசுகிறவன் கவனத்தோடு, சூப்பிப் போத்தலில் எடுத்துக் காபரேட்டரின் தொண்டைக்குள் பீய்ச்சுவார்கள். பொனற் திறந்திருக்கும். ஒருவர் சாவியைத் திருப்புவார், பற்றரி செத்திருந்தால் நாலுபேர் தள்ளுவார்கள், ஒருவர் பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோலக் குனிந்து நிற்பார். இருமும், தும்மும், பிடிக்கும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் குப்பி விளக்கு மணம். எரியாத மண்ணெண்ணெய் வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதையும் பார்த்து மாற்றவேண்டும். வெளியே பார்த்தால் அதே கேம்பிறிஜ். மாப்பிள்ளையை ஏற்றிப் போனது, பிரசவத்துக்கு ஏற்றிப் போனது, செத்தவீட்டுக்கும் போனது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கப் போருக்குப் பயந்து எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கார்களும் சனத்துக்குள் அகப்பட்டன. அன்றைக்கு 103 குதிரை இருந்தாலும் உதவியிராது. காரில் போனவருக்கும் நடந்து போனவருக்கும் ஒரே வேகம்.

ரெனோ 8 கோர்தினிக்கு இன்று பிரான்சில் சங்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு இருக்கிறது. என்னைக் கேட்டால் ஃபெராரியை முந்தியவனைவிட, ஓடவே வழியில்லாத வண்டியை ஓட்டியவன்தான் பெரிய மந்திரவாதி. அவனுடைய பெயரை யாரும் காரின் முதுகில் பொறிக்கவில்லை. அந்த மெக்கானிக்மாரில் சிலர் இந்தப் பக்கத்திலேயே வயதாகி இருப்பார்கள். இதை வாசிக்கிற நீங்கள் அவர்களில் ஒருவரானால், அல்லது அவருடைய மகனோ மருமகளோ ஆனால், மண்ணெண்ணெயோடு எதை எவ்வளவு கலந்தீர்கள், எந்த ஜெட்டை எவ்வளவு அராவினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் எழுதி எடுத்தாலும் பரவாயில்லை.