கெடா வேணாமா, பூசணி வெட்டு; ஆனா அடுத்த வருஷமும் வா

வாடா பேராண்டி. குலசாமிக்குப் பொங்க வைக்க ஊருக்கு வந்திருக்கே, சந்தோசம். கூடவே ஒரு நோட்டுப் புஸ்தகத்தையும் தூக்கிட்டு வந்திருக்கே பாரு, அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது. நேத்து ராத்திரி திண்ணையில உக்காந்து நீ வாசிச்சது அத்தனையும் காதுல விழுந்துச்சு. கெடா வெட்டக்கூடாது. தேங்கா உடைக்கக்கூடாது, சத்தம். பூசாரி எதுக்கு, சாமிகிட்ட நேரா பேசிக்கலாம். எல்லாரும் அரைமணி நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கணும். சரிடா, உங்க அத்தை மூச்சைக் கவனிச்சா அடுப்புல பொங்குற பானையை யாரு கவனிக்கறது?

அந்தப் பக்கம் உன் பெரியப்பன். "மரபுன்னா மரபு, ஒரு புள்ளி மாத்த விடமாட்டேன்"னு மீசையை முறுக்கறான். அவன் காவல் காக்குற மரபு எதுன்னு பாத்தியா? சீரியல் செட்டு, ஜெனரேட்டரு, தூங்குற குழந்தை துள்ளி விழுற ஒலிபெருக்கி. எங்க தாத்தா காலத்துல ஐயனாருக்கு வேளார் செஞ்ச மண் குதிரை. மழைக்கு உதிரும், வேளார் மறுபடி செய்வார், களத்துல அவருக்கு நெல் அளப்போம். இப்ப சிமெண்டுக் குதிரை நிக்குது, எனாமல் பெயிண்ட் அடிச்சு, முழி பிதுங்கி. உதிராது, அதனால வேளாருக்கும் இஞ்ச வேலை இல்லை. கேட்டா "காலங்காலமா இப்படித்தான்"ங்கறான். அவன் காலங்காலம் எண்பத்தஞ்சுலதான் ஆரம்பிக்குது.

நீ சொன்னியே, சீமையில ஜெரால்டு கார்டனர்னு ஒருத்தர். சின்ன வயசுலயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரு, அப்புறம் மலாயாப் பக்கம் சுங்கத்துல உத்தியோகம். ஊருக்குத் திரும்பி, சூனியச் சட்டத்தை 1951-ல எடுத்ததும், 1954-ல புஸ்தகம் போட்டு "பழைய சாமி கும்பிடு சாகலை"ன்னாரு. ஐஸ்லாந்துல 1973-ல பழைய தெய்வங்களைக் கும்பிடறவங்களுக்கு அரசாங்கமே அங்கீகாரம் கொடுத்துச்சாம், அதுக்குத் தலைவரு ஆடு வளக்குற விவசாயியாம், பாட்டும் கட்டுவாராம். கேக்கவே நல்லா இருந்துச்சு. ஆனா அவங்க பாடு பாவம்டா. பல நூறு வருஷம் நடுவுல அறுந்து போச்சு. ஒருத்தர் "அம்மன் என் கனவுல வந்து சொன்னா"ங்கறாரு, பக்கத்துல இருக்கறவரு "எந்த ஏட்டுல இருக்கு, காட்டு"ங்கறாரு. கேட்டுத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு ஒரு அத்தை இல்லை. நமக்கு அத்தைங்கதான் அதிகம். நீயோ அத்தையை விட்டுட்டு அவங்க புஸ்தகத்தைப் படிச்சிட்டு வந்து நிக்கிறே.

புன்னைநல்லூர் மாரியம்மனுக்குப் பால் ஊத்தணும், ஏன் ஊத்த மாட்டேங்கறாங்கன்னு கேட்டியே. தஞ்சாவூர்லேர்ந்து கூப்பிடு தூரம், போய்ப் பாரு. மூலவர் அம்மன் புத்து மண்ணுல ஆனவ. சதாசிவ பிரம்மேந்திரர் பிடிச்சு வச்சதாச் சொல்லுவாங்க. உன் ஆசைக்கு ஒரு குடம் ஊத்துனா கரைஞ்சு போயிடுவா. அதான் அவளுக்கு அபிசேகம் இல்லை, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா தைலக்காப்பு, ஒரு மண்டலம். குடத்தை எடுக்குறதுக்கு முன்னாடி சிலை எதுல ஆனதுன்னு கேக்குறவன்தான் கெட்டிக்காரன். எல்லா வழக்கத்துக்கும் இப்படிக் காரணம் கையில கிடைக்காது, ஒத்துக்கறேன். கிடைக்காததை எல்லாம் மூடத்தனம்னு சிவப்பு மையால அடிச்சுட்டுப் போறதுக்கு நீ பரிட்சை பேப்பர் திருத்த வரலை.

மரபு மாறாதுன்னு உன் பெரியப்பன் சொன்னா, ஆடி 18 அன்னைக்கு அவனைப் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போ. குடகுல மழை கொட்டி, காவேரி தானா நுரைச்சுக்கிட்டு வந்த காலத்துல ஏற்பட்ட நோன்பு அது. 1934-ல மேட்டூர் அணை வந்துச்சு. அப்புறம் ஆத்தா வர்றதும் வராததும் மதகைத் தூக்குற உத்தரவுல இருக்கு. சூன் 12-ல திறக்கணும். திறந்தா குறுவை, திறக்கலைன்னா வானத்தைப் பாக்கணும். 2017-ல பாசனத்துக்குத் திறக்கவே அக்டோபர் ஆச்சு. பாசனத்துக்கே தண்ணி இல்லாத வருஷத்துல, பதினெட்டாம் பெருக்குக்குன்னு தனியா கொஞ்சம் விடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டதும் உண்டு. அதுவும் வந்து சேராத படித்துறையில போர் தண்ணியைக் குழாயில பீச்சி விட்டாங்க, சனம் அதுல நனைஞ்சுது. பொம்பளைங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? மணல்ல ஊத்துத் தோண்டி, நாலு கை தண்ணி எடுத்து, மஞ்சள்ல அம்மனைப் பிடிச்சு வச்சு, காதோலை கருகமணி சாத்தி, காப்பரிசியைப் படைச்சு, மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்க. ஒருத்தியும் நோட்டுப் புஸ்தகம் எடுக்கலை, ஒருத்தியும் மரபு போச்சுன்னு மாரடிக்கலை. புள்ளைங்க வறண்ட ஆத்துல சப்பரம் இழுத்துச்சுங்க. மணல்ல அது இன்னும் நல்லாவே ஓடுச்சு.

மாயவரத்துக் கதை தெரியுமா? ஐப்பசி மாசம் பூரா துலாக்கட்டத்துல முழுக்கு. கடைசி நாள் கடைமுழுக்கு. ஒரு முடவன் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்றதுக்குள்ள மாசம் முடிஞ்சு போச்சு. "விதின்னா விதி, அடுத்த ஐப்பசிக்கு வா"ன்னு சாமி சொல்லலை, கார்த்திகை ஒண்ணாந்தேதியைக் கூட எழுதிக் கொடுத்துருச்சு. இன்னைக்கும் முடவன் முழுக்குன்னு சனம் கூடுது. ஆனா ஒண்ணு, அந்த முடவன் அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்தான். நீ மத்தியானம் பதினோரு மணிக்கு எந்திரிச்சிட்டு, காலைப் பூசையைச் சாயங்காலம் மாத்தச் சொல்றே.

கெடா விசயத்துக்கு வருவோம். நம்ம ஐயனார் சைவம்டா. கெடா அவருக்கு இல்லை, எதிர்ல நிக்கிற கருப்பனுக்கும் வீரனுக்கும். வெட்டுற நேரத்துல ஐயனார் சன்னதிக்கு முன்னாடி ஒரு வேட்டியைத் திரையாப் பிடிச்சுருவோம். அவருக்குத் தெரியாதாம்! குழம்பு கொதிக்கிற வாசனை எட்டூருக்கு அடிக்குது, குதிரை மேல உக்காந்திருக்கற மனுசனுக்குத் தெரியாதாம். ஒரே வாசல்ல கறி திங்கற சாமியும் திங்காத சாமியும் சண்டையில்லாம குடித்தனம் பண்ண நாலு முழ வேட்டி போதும்னு எவனோ ஒரு கிழவன் கண்டுபிடிச்சிருக்கான். உனக்கு மனசு ஒப்பலையா, திரைக்கு உள்பக்கம் ஐயனார் பக்கத்துல உக்காந்துக்க, எடம் இருக்கு. பூசணிக்காயில குங்குமத்தைத் தடவி வெட்டுறியா, தாராளமா வெட்டு, அதுவும் இஞ்ச புதுசு இல்லை. அடுத்தவன் நேர்ந்துவிட்ட கெடாவை மட்டும் அவுக்காதே. 1950-லயே பலி கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 2003 ஆகஸ்டுல அதைக் கண்டிப்பா நடத்தணும்னு உத்தரவு வந்துச்சு. 2004-ல சட்டத்தையே எடுத்துட்டாங்க. நடுவுல கொஞ்ச நாள் ஆடுங்க மட்டும் நிம்மதியாத் தூங்குச்சு. போலீசு வந்து முடியாததை உன் பேனா முடிச்சிடுமா?

ஆனா உன் நோட்டுல ஒரு வரி இருக்குமான்னு முழுசும் தேடுனேன், இல்லை. தேங்கா உடைக்கிற சத்தம் உனக்கு உறுத்துது. அம்மன் தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெரு முனையோட திரும்பும்னு பாத்தியா? ராத்திரி பூரா பறை அடிக்கிறவரு விடிஞ்சதும் எஞ்ச நின்னு சாப்பிடறாருன்னு பாத்தியா? கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல வந்துச்சு. இன்னமும் சில ஊருல தேர் திரும்புறதுக்குத் தாசில்தார் வர வேண்டியிருக்கு. மாத்தணும்னு கை பரபரக்குதில்ல, அதை மாத்து. அதைப் பேசுனா உன் பெரியப்பன் உன்னோட பேச மாட்டான். அதான் தேங்காயோட நிறுத்திக்கிட்டியோ என்னவோ.

சொந்தமா யோசிச்சு சாமி கும்பிடறது நீதான் முதல்னு நினைக்காதே. வலங்கைமான்ல பங்குனியில பாடைக்காவடி பாத்திருக்கியா? சாவு வாசல் வரைக்கும் போய்ப் பொழச்சு வந்தவன், மாரியாத்தாவுக்கு நேர்ந்துக்கிட்டு, பொணம் மாதிரியே பாடையில படுப்பான். கை காலைக் கட்டி, நெத்தியில திருநீறு பூசி, ஒருத்தர் தீச்சட்டியோட முன்னால போக, சொந்தக்காரங்களே தோள்ல தூக்கிக் கோயிலைச் சுத்துவாங்க. முடிஞ்சதும் எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து போவான். முதமுதல்ல அப்படிப் படுத்தவன் எவன்? எந்த ஏட்டைப் பாத்துப் படுத்தான்? அவன் பொண்டாட்டி, "புத்தி கெட்டுப் போச்சா, மங்கலமா ஒரு காவடி எடுக்கப்படாதா"ன்னு கத்தியிருப்பா, நிச்சயம். அவன் மனசுக்குப் பட்டதைப் பண்ணுனான், ஊரு பாத்துச்சு, அடுத்த வருஷம் இன்னொருத்தன் படுத்தான். இப்ப அதுதான் மரபு.

மனசுக்குப் பட்டதை எல்லாம் ஊரு ஒத்துக்கும்னும் நினைச்சுக்காதே. சாமியாடிக்கு அருள் வந்தவுடனே நாங்க பொத்துப் பொத்துன்னு கால்ல விழறோம்னு நினைச்சியா? "வந்திருக்கறது யாரு? அடையாளம் சொல்லு"ன்னு பெருசுங்க குறுக்கு விசாரணை பண்ணும் பாரு, கும்பகோணம் கோர்ட்டு வக்கீல் பிச்சை வாங்கணும். உள்ளங்கையில சூடத்தை ஏத்தச் சொல்லுவோம். அப்பவும் சந்தேகம்னா பூக்கேப்போம். வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணு, தனித்தனியா மடிச்சு சன்னதியில போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்றது. நினைச்ச பூ வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேக்குற ஆளும் உண்டு. உன் பெரியப்பன்கிட்ட கேட்டுப் பாரு, மழுப்புவான்.

அதனால உன் மூச்சுப் பயிற்சியை நான் வேண்டாங்கலை. முதல்ல அத்தையோட போய் விடிகாலையில வாசல் கூட்டு, அடுப்புக்குக் கல்லு தூக்கு, பொங்கல் எந்தப் பக்கம் வழியுதுன்னு பக்கத்துல நின்னு பாரு. கண்ணு எரியும், பரவால்லை. அதுக்கப்புறமும் உனக்கு ஒண்ணு தோணுச்சுன்னா, ஊருக்கு நடுவுல எந்திரிச்சுச் சொல்லு. பத்துப் பேரு சிரிப்பாங்க, ரெண்டு பேரு வையுவாங்க, ஒருத்தர் "பண்ணித்தான் பாப்பமே"ம்பாரு. பண்ணு. அடுத்த வருஷம் வந்து மறுபடி பண்ணு. அதுக்கு அடுத்த வருஷமும் வா. வழக்கத்தை மாத்துனவனை இந்த ஊரு எப்பவும் மன்னிச்சிருக்கு. மாத்திட்டு ரயிலேறினவனைத்தான் இன்னும் திட்டிக்கிட்டிருக்கு.

சரி, எந்திரி. தலைக்கட்டு வரி லிஸ்டுல உன் பேருக்கு நேரா இன்னும் வெறும் கோடுதான் இருக்கு. பூசாரி மவன் கியூஆர் அட்டையைச் சூலத்துல மாட்டி வச்சிருக்கான், போனை எடுத்துக் கட்டிட்டு வா.