எனக்கும் ஒரு செல்வாக்கு

வெறும் ஜலதோஷம்தான் என்று திங்கட்கிழமை காலை வரை சாதித்துக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் 101.6 என்றது. மலிவு விலைக்கு வாங்கினது, நம்பக்கூடாது என்றேன். மனைவி புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, தோசையே ஊத்தலாம் போலிருக்கு" என்றாள். புறங்கையை மலிவு என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டேன்.

லீவு போடச் சொன்னாள். போட்டிருக்கலாம். போடாததற்கு நான் ஊருக்குச் சொன்ன காரணம் கடமை. சென்னைக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஃபைல் போயாக வேண்டும். அதை நகர்த்த என்னை விட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு.

என்னைப் போன்ற அரசு ஊழியனுக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு (சி.எல்.). டிசம்பர் 31 ராத்திரியோடு அதற்கு ஆயுள் முடிந்துவிடும். அடுத்த வருஷத்துக்குக் கூட வராது. ஐப்பசி மழை தொடங்கிய அந்த வாரம் என் கையில் ஏழு நாள் இருந்தது. பாட்டி முந்தானையில் முடிந்து வைத்த காசு மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மச்சினி பெண்ணுக்கு வளைகாப்பு, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டை நோக்கிப் படையெடுக்கும் உறவுக்கூட்டம், இன்னும் இப்படிச் சில. தற்செயல் என்றால் எதிர்பாராமல் வருவது. நானோ பட்டியல் போட்டு எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் காய்ச்சல் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் இருந்தால் வைத்தியம் நடக்கும். நிலவேம்புக் குடிநீர் என்று பெயர்தான் ஒற்றை. உள்ளே வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் சேர்த்து ஒன்பது சரக்கு. நிலவேம்பின் கசப்பை மற்ற எட்டும் ஒன்றுகூடியும் அசைக்க முடியவில்லை. எங்கள் சங்கத்தின் எட்டு அம்சக் கோரிக்கைக்கு ஆன கதிதான். அது முடிந்தால் நொச்சித் தழை போட்ட பானையோடு என்னையும் சேர்த்துக் கம்பளியால் மூடி வேது பிடிக்க வைப்பார்கள். புதுக்கோட்டையிலிருந்து மாமியார் வீடியோ காலில் மேற்பார்வை பார்ப்பார்: "மாப்பிள்ளை தலையை வெளில நீட்டுறாரு பாரு!" இதற்கு ஆபீசே தேவலை.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். 2020-ல் வாங்கிய முகக்கவசம் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைத் தாடைக்குப் போட்டுக்கொண்டேன். மூக்குக்குப் போட்டால் மூச்சு முட்டுகிறது. போடாமல் விட்டால் பொறுப்பில்லாதவன் என்று பெயர் வரும்.

காய்ச்சலோடு ஆபீசுக்குப் போகிறவன் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். "இந்த நிலைமையிலயும் வந்திருக்காரே மனுஷன்!" என்று யாராவது சொல்ல வேண்டும். காதில் விழும்படி சொன்னால் விசேஷம். ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதில் மருந்து சொன்னார்கள். டைப்பிஸ்ட் மேடம் கற்பூரவல்லியில் பஜ்ஜி போடச் சொன்னார். ஆபீஸ் உதவியாளர் தம்பி, "அண்ணே, நாட்டுக்கோழி சூப்பு, மிளகு தூக்கலா" என்றான். கணக்கர் தன் பர்ஸிலிருந்து போன வருஷத்துப் பல்வலிக்கு வாங்கி மிச்சமான மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எடுத்து, தாலிக்குத் தங்கம் கொடுக்கிற முகபாவத்தோடு நீட்டினார்.

எங்கள் செக்‌ஷனில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். வருகைப் பதிவேட்டுக்கு ஒரே பேனா. திருடு போகாமல் நூலில் கட்டியிருக்கும். டீக்கு எட்டு கண்ணாடி டம்ளர். ஒரே வாளித் தண்ணீரில் எட்டும் முங்கி எழும். எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் ஃபைல் புரட்டும் கலை. விரல் நனைக்க மேசைக்கு மேசை ஸ்பாஞ்சு கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள். அது நான் பணியில் சேர்ந்த வருஷமே காய்ந்துவிட்டது. அதனால் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஒரு பக்கம், மறுபடி நாக்கில் தொட்டு அடுத்த பக்கம். என் ஃபைல் 140 பக்கம். நான் புரட்டிவிட்டுக் கணக்கரிடம் கொடுத்தேன். அவர் புரட்டிவிட்டு டைப்பிஸ்டுக்குக் கொடுத்தார். டைப்பிஸ்ட் சூப்பிரண்டுக்கு அனுப்பினார். கோயில் பிரசாதம்கூட இவ்வளவு ஒழுங்காக எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு ஃபைல் தயார். சூப்பிரண்டு மேசைக்கு எதிரே நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி, முள்ளைக் காகிதத்தில் வைக்கப் போனார். நான் தும்மினேன்.

ஒரே ஒரு தும்மல்.

பேனா அந்தரத்தில் நின்றது. சூப்பிரண்டு சகுனம் பார்ப்பவர். ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை என்பது அவர் கட்சி. "இன்னொண்ணு போடுங்க சார்" என்றார், தபால் தலை கேட்கிற மாதிரி. இரண்டு நாளாக நிமிஷத்துக்கு ஒன்று என்று தும்மிக்கொண்டிருந்தவன் நான். அந்த நேரம் பார்த்து மூக்கு வேலைநிறுத்தம் செய்தது. ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தேன். காகிதத்தைத் திரியாகத் திரித்து விட்டுப் பார்த்தேன். ரெக்கார்ட் கிளார்க் தன் பட்டணம் பொடி டப்பாவை நீட்டினார், அதையும் இழுத்தேன். கண்ணில் நீர் வந்தது, காதில் புகை வந்தது, தும்மல் மட்டும் வரவில்லை. செக்‌ஷனே எழுந்து நின்று சுற்றி வளைத்துக்கொண்டு, "வருது, வருது" என்று உற்சாகப்படுத்தியது. இருபது நிமிஷம். அவ்வளவு நெருக்கத்தில் அத்தனை முகங்கள் என்னைப் பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"சரி, நாளைக்குப் போட்டுடுவோம். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" என்று சூப்பிரண்டு பேனாவை மூடினார்.

காவிரிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது இரண்டாவது தும்மல் வந்தது. அம்மா மண்டபம் வருவதற்குள் பதினான்கு.

புதன் கிடைத்தது. சூப்பிரண்டு கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, 102 டிகிரி என்று செய்தி வந்தது. பக்கத்து செக்‌ஷன் சூப்பிரண்டுக்குப் பொறுப்புக் கொடுத்தார்கள். அவர் என் ஃபைலைத் தொடாமலே பார்த்துவிட்டு, "அவர் வந்து போடட்டும்" என்றார். சகுனத்துக்குப் பயந்தாரா, எச்சிலுக்குப் பயந்தாரா, கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இது ஃப்ளூ, வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது என்றார் அவர். வைரஸுக்கென்று இருக்கும் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நான் மூன்றாம் நாள் வந்திருக்கிறேன். ஆகவே பாரசிட்டமால், கஞ்சி, படுக்கை.

"வேலைக்குப் போனீங்களா?" என்றார்.

"ஒரு நாள்கூடத் தவறலை டாக்டர்" என்றேன். கடைசியில் கேட்டாரே ஒருத்தர்!

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வாரம் என் எதிரில் பேனாவைக் கீழே வைத்த இரண்டாவது மனிதர். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கும், அதற்குப் பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், தொற்றியவருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளில் தெரியவரும் என்று, பரீட்சையில் தேறாத பையனுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். முகக்கவசத்தின் பக்கம் விரலைக் காட்டி, அது மூக்குக்கு உரியது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமையும் போனேன். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே. அதோடு ஃபைல் இருக்கிறது.

வியாழன் டைப்பிஸ்ட் மேடம் வரவில்லை. மாத்திரை கொடுத்த கணக்கர் வரவில்லை. வெள்ளி ரெக்கார்ட் கிளார்க், நாட்டுக்கோழித் தம்பி, அடுத்த கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி. வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். சிவப்பு மையில் சி.எல்., சி.எல். என்று வரிசையாக, என் நாற்காலியிலிருந்து கிளம்பி ஜன்னல் ஓரம் வரை. நடுவில் எல்லா நாளும் நீல மையில் பளிச்சென்று என் கையெழுத்து. போலீஸ் நாயைக் கூட்டிவந்தால் மோந்துகூடப் பார்க்காது; நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்துகொள்ளும்.

சென்னைக்கு ஃபைல் போனது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. சரியாக ஒரு வாரத் தாமதம். திங்கட்கிழமை நான் வீட்டில் படுத்திருந்தால் கணக்கரே முடித்து அனுப்பியிருப்பாராம். அவரே இருமலுக்கு நடுவில் சொன்னார்.

இன்ஃப்ளுயன்சா என்பது இத்தாலியச் சொல்லாம்; செல்வாக்கு, ஆதிக்கம் என்று பொருளாம். விண்மீன்களின் ஆதிக்கத்தால் வரும் நோய் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்களாம். மகள் படித்துச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷச் சர்வீசில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி வாங்க எனக்குச் செல்வாக்கு இருந்ததில்லை. ஒரே வாரத்தில் ஆறு பேரைப் படுக்க வைத்திருக்கிறேன். இப்போது மின்விசிறிக்குக் கீழே என்னை உட்காரவே விடமாட்டேன் என்கிறார்கள். காற்று எல்லார் மேலும் அடிக்குமாம்.

ஆறு பேர் என்றேனே, அது ஆபீஸ் கணக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி மனைவிக்கு 101. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் சி.எல். போட்டு ரசம் வைத்தேன். ஒன்பது சரக்கையும் கொதிக்க வைத்து, மிகுந்த ஆர்வத்தோடு ஒரு டம்ளர் கொண்டுபோய் நீட்டினேன். "எனக்குப் பாரசிட்டமால் போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புதுக்கோட்டையிலிருந்து மேற்பார்வையும் இல்லை.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வருஷா வருஷம் விடுவதுதான், நான்தான் மறந்திருந்தேன். டிசம்பர் 31 மாலை ஐந்தே முக்காலுக்கு மேசையைப் பூட்டியபோது என் கணக்கில் நான்கு நாள் சி.எல். மிச்சம் இருந்தது.