டயருக்கு மருந்து, பன்றிக்கு விருந்து

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று சேதி வந்ததும் எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் தமிழக அரசுக்கு வீரம் பொங்கும். முகக்கவசம் கட்டிய ஊழியர் ஓடிவந்து லாரி டயருக்குப் புஸ் புஸ்ஸென்று கிருமிநாசினி அடிப்பார். கோழி, வாத்து, முட்டை ஏற்றிய வண்டிகள் திரும்பிப் போகும். குட்டநாட்டு வாத்துகளுக்கு 2014இல் வந்தது, 2021இல் வந்தது, 2024இல் எடத்துவாவில் வந்தது. 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்து அழூருக்கே வந்துவிட்டது. டயர்கள் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. வலசைப் பறவைகளுக்குத்தான் சாவடி எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

மற்ற நாட்களில்? எல்லைக்கு அப்பால், கேரளத்துக் கோட்டுகால், பாறசாலைப் பக்கம் ஞாயிறு மதியம் ஏதாவதொரு கோழிக்கடையின் பின்புறம் எட்டிப் பாருங்கள். நீல டிரம் நிறையக் குடல், இறகு, ரத்தம், ஈ. வெறுங்கையால் அதை அமுக்கி மூடுகிறான் ஒரு பையன். தமிழ்நாட்டிலிருந்து கூண்டில் போன கோழி இரவோடிரவாகக் குடலாய்த் திரும்பும். கேரளத்து இறைச்சி, ஓட்டல் கழிவுகளைக் குமரி மாவட்டப் பன்றிப் பண்ணைகளுக்குக் கொண்டுவந்த வண்டிகள் எத்தனை முறை பிடிபட்டன! அபராதம் கட்டும், மறுபடி ஓடும். காய்ச்சல் காலத்தில் உயிருள்ள கோழிக்குத் தடை. அதன் குடலுக்கு எக்காலமும் ராஜபாட்டை.

பன்றி தின்றால் என்ன என்பீர்கள். பறவையின் கிருமியும் மனிதனின் கிருமியும் சந்தித்து மரபணுவை மாற்றிக்கொள்ளப் பன்றியைப்போல வசதியான சத்திரம் வேறில்லை. 2009இல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சலில் பறவை, பன்றி, மனிதன் மூன்றின் மரபணுவும் இருந்தன. விலங்கிடமிருந்து நோய் வருவது புதிதல்ல. மாட்டைக் கட்டி வளர்த்த பழங்காலத்தில், அதன் வெக்கை நோய்க் கிருமியின் உறவுக்காரன்தான் நமக்குத் தட்டம்மையாக வந்து சேர்ந்தான். அன்றைய உழவனுக்குக் கிருமி என்றாலே தெரியாது, விட்டுவிடலாம். நுண்ணோக்கியும் துறையும் அமைச்சரும் வைத்திருப்பவர்களை எதற்காக விட வேண்டும்?

2025இல் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தை பறவைக் காய்ச்சலில் செத்தது. அறிக்கை வந்தது, அவ்வளவுதான். கொல்லப்பட்ட வாத்துக்காவது 2021இல் கேரளம் 200 ரூபாய் விலை போட்டது, குஞ்சுக்கு 100. டிரம்மை அமுக்குகிற பையனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன விலை? முதலில் அவன் எந்த மாநிலத்துக் கணக்கு என்பதைத் தீர்க்க இரண்டு அரசுகளும் கடிதம் எழுதிக்கொள்ளும். அந்தக் கடிதங்களை ஏற்றிவரும் வண்டியின் டயருக்கும் மருந்தடிப்பார்கள்.